நான்காவது தட்டு காத்திருந்த நேரம்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது மீடியா மாற்றுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. உடலுக்கு வெளியே வளர்க்கும் திசுவுக்குக் கொடுக்கும் திரவ உணவைத்தான் மீடியா என்போம். இரண்டு நாளுக்கு ஒரு முறை பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். பல வருடங்கள் அதை என் கையால் செய்தேன். போன மாதம் அங்கிருந்து இரண்டு டெக்னீஷியன்கள் அதியமான்கோட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, மெசின் வர்றதுக்கு முன்னால கையில எப்படிப் பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பழைய டைரிகளை எடுத்து மேசைமேல் வருட வாரியாக அடுக்கினேன். எப்படிச் செய்தேன் என்பது அவற்றில் நிமிடக் கணக்காக இருக்கிறது. சரியாகச் செய்தேனா என்று கேட்டால் அவற்றில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளஸ் டூ, பிறகு லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் லேபில் ரத்தம், சளி, சிறுநீர் என்று ஒன்பது வருடம். அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: "சுத்தமானதை மொதல்ல தொடு. அழுக்கானதைக் கடைசியாத் தொடு." கிருமி இல்லாத மாதிரியை முதலில் முடித்துவிட்டால், கிருமி உள்ளதிலிருந்து அதற்குத் தொற்றாது. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன்.

அங்கே வளர்த்தது மூளைத் திசு. இதைச் சொன்னால் இன்றும் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நான் சேர்ந்த புதிதில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வூட்டுக்காரி மூளை வளக்கறா. வேணும்னா சொல்லுங்க, எனக்குப் போக மிச்சமிருந்தா தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அது முழு மூளை அல்ல. ஆரோக்கியமான ஒருவர் விருப்பப்பட்டுக் கொடுத்த ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அவற்றை எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய குருத்துச் செல்களாக ஆக்கி, அவற்றை மூளைப் பக்கம் திருப்பி வளர்ப்பது. முதல் வாரத்தில் கேழ்வரகு அளவு இருக்கும். ஒரு மாதத்தில் மிளகு. இரண்டரை, மூன்று மாதத்தில் பச்சைப் பட்டாணியில் பாதி. நிறம் நீர்த்த பால் போல. ரத்தக் குழாய் கிடையாது, யோசனையும் கிடையாது. ஆனால் மூளையில் இருக்கிற பல வகைச் செல்கள் அதில் அடுக்கடுக்காக இருக்கும். நாங்கள் உருண்டை என்றுதான் சொல்வோம்.

உதட்டோரம் கொப்புளம் போடுகிற சாதாரண வைரஸ், எப்போதோ யாரோ ஒருவருக்கு மூளைக்குள் போய்விடும். அப்போது வருகிற மூளைக் காய்ச்சல் மிகவும் கடுமையானது. வைரஸை அடக்க மருந்து இருக்கிறது. பிழைத்தவர்களிலும் சிலருக்கு ஞாபகமோ பேச்சோ முழுதாகத் திரும்புவதில்லை. உயிரோடு இருக்கிறவரின் மூளையைத் திறந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. எலியின் மூளை மனித மூளை அல்ல. அதனால்தான் உருண்டைகள். அவற்றில் வைரஸை விட்டு, மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் பார்க்கலாம்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் மனோகரன். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது ஓடிப் போய் "சார், இந்தத் தடவை நல்லா வந்திருக்கு" என்று சொன்னால், முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு கேட்பார்: "நீங்க பாத்தது என்ன, நெனச்சது என்ன? ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க." சொல்கிறவர் இரண்டாவது வாக்கியத்திலேயே திணறிவிடுவார். என்னிடம் மட்டும் அவர் அப்படிக் கேட்பது சில வருடங்களில் நின்றுபோனது. "வளர்மதி எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

இனி, ஆண்டு மலருக்குக் கேட்ட விஷயம். ஒரு மருந்தைச் சோதிக்க நான்கு தட்டுகள் வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் இருபத்து நான்கு குழி, குழிக்கு ஓர் உருண்டை. முதல் தட்டில் வைரஸும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டாவதில் மருந்து மட்டும். மூன்றாவதில் வைரஸும் மருந்தும். நான்காவதில் வைரஸ் மட்டும். நான்கும் இன்குபேட்டருக்குள், உடல் சூட்டில், மெல்லச் சுழலும் பலகைமேல் இருக்கும். சுழற்சி நின்றால் உருண்டையின் நடுப்பகுதிக்குப் பிராணவாயு போதாது.

என் முறை இது. காலை பத்து மணிக்கு நான்கு தட்டுகளையும் ஒரே தடவையில் வெளியே எடுப்பேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் இன்குபேட்டர் கதவை எட்டு தடவை திறக்க வேண்டும். என் முறையில் ஐந்து தடவை போதும். உள்ளே சூடு குறையாது. பிறகு முதல் தட்டு. நுனியை அகலமாக வெட்டிய பிப்பெட்டால், உருண்டையைத் தொடாமல், குழியின் ஓரத்திலிருந்து பாதி மீடியாவை உறிஞ்சுவேன். புதியதைக் குழிச் சுவரில் வழியவிட்டு ஊற்றுவேன். ஒரு தட்டுக்கு இருபது நிமிடம். முடித்து உள்ளே வைத்து, கையுறை மாற்றி, வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தது. மூன்று தட்டுகளும் முடிந்தபின், அவற்றிலிருந்து எடுத்த பழைய மீடியாவைச் சின்னக் குழாய்களில் பிரித்து, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிவிடுவேன். சேதமான செல்லிலிருந்து ஒரு நொதி கசிந்து மீடியாவில் கலக்கும். அதை அளந்துதான் சேதத்தைக் கணக்கிடுவோம். எல்லாம் அடுக்கி முடித்த பிறகே, வைரஸ் மிக அதிகமாக இருக்கும் நான்காவது தட்டைத் தொடுவேன். இதில் ஒரு படி கூட நான் யோசிக்காமல் வைத்ததில்லை.

அந்த முறையில் ஒரு மருந்து நன்றாக வேலை செய்தது. வேறொரு நோய்க்கு ஏற்கெனவே கொடுக்கிற மாத்திரை அது. மூன்றாவது தட்டில் வைரஸின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் உருண்டைகள் சாகவில்லை. நான்காவது தட்டில் உருண்டைகள் ஓரம் பிய்ந்து, நடுவில் கறுத்துக் கிடந்தன. வைரஸை நிறுத்தாமலே மூளையைக் காப்பாற்றுகிற மருந்து என்று டாக்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது முறை செய்தேன், அதே முடிவு. மூன்றாவது முறையும் அதே. டாக்டர் கட்டுரை எழுத ஆரம்பித்தார்.

சுகன்யாவுக்கு மட்டும் அது வரவில்லை.

சுகன்யா எங்கள் கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சந்தை நாளில் பஸ் நெரிசல் என்று சொல்லித் தாமதமாக வருவாள். சந்தை இல்லாத நாளில் வேறு காரணம் சொல்வாள். அந்த மருந்துதான் அவள் ஆய்வேட்டின் தலைப்பு. ஆகவே அவளும் அதே சோதனையைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். மூன்று முறை செய்தாள். ஒரு முறை மருந்து கொடுத்த தட்டே அதிகமாகச் செத்தது. இன்னொரு முறை கொஞ்சம் வித்தியாசம். மூன்றாவது முறை மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்று போலவே இருந்தன.

வைரஸ் அறையில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஒருவர் செய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் செய்தபோதெல்லாம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் வேலை இல்லாததால் அவள் எதை எப்போது எடுத்தாள், எப்போது வைத்தாள் என்று என் டைரியில் குறித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. கைக்கு எட்டின தட்டை எடுப்பாள். எடுத்து வைத்துவிட்டு, பிப்பெட் நுனிகள் இருக்கும் டிப் பெட்டியைத் தேடப் போவாள்.

"அக்கா, நான் தும்முனா அதுவும் உங்க நோட்டுல ஏறுமா?"

"ஏறும். மாஸ்க் போட்டுட்டுத் தும்முனியா, போடாமயான்னும் சேத்து எழுதுவேன்."

"நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தா அந்த நோட்டைக் காட்டிராதீங்க. ஓடிருவாங்க."

சிரித்தோம். ஆனால் அவள் சோதனை சரியாக வராததற்கு அவள் கைதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்த வருடம் அவளுடைய நான்கு வருடக் காலம் முடிந்தது. இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க ஆய்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நான்கு வருட வேலையும் பட்டம் இல்லாமல் அத்தோடு நின்றுவிடும். குழு, அவள் வேலை எப்படி என்று கூடவே இருந்து பார்த்தவரிடம் ஒரு குறிப்பு கேட்டது. டாக்டர் என்னை எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: "சோதனையின் வரிசையைச் சுகன்யா பின்பற்றுவதில்லை. தட்டுகளை எடுப்பதிலும் வைப்பதிலும் ஒழுங்கு இல்லை. முடிவுகள் வராததற்கு இது காரணமாக இருக்கலாம்." வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கைகழுவும் தொட்டி அருகில் சுகன்யா நின்றாள்.

"அக்கா, என்னைப் பத்தி எழுதிக் குடுத்தீங்களாமே."

"ஆமா."

"என்னன்னு எழுதுனீங்க?"

"நடந்ததைத்தான் எழுதினேன்."

"அதுதாங்க்கா பயமா இருக்குது. பொய்யா எழுதியிருந்தா வந்து சண்டையாவது போடலாம்."

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தபின், அந்தக் குறிப்புக்கு ஆதாரம் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று தோன்றியது. எழுதியதற்கு ஆதாரம் இல்லாமல் நான் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு, அவளுடைய மூன்று சோதனைகளுக்கும் என்னுடைய மூன்று சோதனைகளுக்கும் அட்டவணை போட்டேன். மீடியா மாற்றிய ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தட்டும் இன்குபேட்டருக்கு வெளியே எத்தனை நிமிடம் இருந்தது என்பது ஒரு கட்டம். சேத அளவு எவ்வளவு என்பது பக்கத்துக் கட்டம்.

அவளுடைய முதல் சோதனையில், மருந்து கொடுத்த மூன்றாவது தட்டுதான் அதிக நேரம் வெளியே இருந்தது. அதுதான் அதிகம் செத்தது. இரண்டாவதில் நான்காவது தட்டு சற்று அதிகம் காத்திருந்தது. சேதமும் அதில்தான் சற்று அதிகம். மூன்றாவதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் காத்திருந்தன. சேதமும் ஒன்று போல.

என்னுடைய கட்டங்களைப் பார்த்தேன். மூன்று சோதனையிலும், எல்லா நாளும், மூன்றாவது தட்டு ஒரு மணி நேரம் வெளியே இருந்திருக்கிறது. நான்காவது தட்டு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரு நாள் கூட மாறவில்லை. ஏசி அறையில், அசையாமல், சூடு இறங்கி, குழாய்களுக்கு நான் பெயர் ஒட்டி முடிக்கும்வரை அது மேசைமேல் காத்திருந்திருக்கிறது.

அட்டவணையைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார்.

"ஞாயித்துக்கெழமையும் நோட்டா? என்ன வளரு, மொகமெல்லாம் வேத்திருக்குது?"

"நான் ரொம்ப சரியாச் செஞ்சதுதான் தப்போன்னு இருக்குதுங்க."

"சரியாச் செஞ்சா எப்படித் தப்பாகும்?"

"அதுதான் எனக்கும் புரியல."

மூன்றாவது தட்டில் மருந்து வேலை செய்யும், அதில் வைரஸ் குறைவாக இருக்கும், ஆகவே அது நான்காவதைவிடச் சுத்தம் என்று வைத்துக்கொண்டுதான் அதை முன்னால் தொட்டிருக்கிறேன். எதைக் கண்டுபிடிக்கச் சோதனை செய்தோமோ, அதை முதலிலேயே முடிவு செய்து என் வரிசையில் வைத்துவிட்டேன். இது அந்த மத்தியானம் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. குழம்பு ஊற்றும்போது ஒரு மாதிரியும், பாத்திரம் கழுவும்போது வேறு மாதிரியும் தோன்றியது. மருந்து நிஜமாகவே வேலை செய்து, காத்திருந்த நேரம் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். சுகன்யாவின் மூன்று சோதனைகளை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? அப்படியும் யோசித்தேன். அப்படி யோசித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கே டாக்டர் அறைக்குப் போய் அட்டவணையை அவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு என்னைக் கேட்டார்.

"பாத்தது என்னம்மா?"

"காத்திருந்த தட்டு அதிகமாச் செத்திருக்குதுங்க சார். என்னோடதுலயும் சரி, அந்தப் பொண்ணோடதுலயும் சரி."

"நெனச்சது?"

"நெனச்சது எனக்கே தெரியலைங்க சார். வெள்ளிக்கிழமை ஒண்ணு நெனச்சு எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் அட்டவணையைக் கடைசிக் கட்டம் வரைக்கும் பார்த்தார். பாதி எழுதிய கட்டுரை மேசைமேல் இருந்தது. அதை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "இத்தனை வருசம் உங்ககிட்ட இதை நான் கேக்காம விட்டிருக்கேன்" என்றார். பிறகு குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லி, சுகன்யாவின் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்டார். புதிய உருண்டைகள் வளர மூன்று மாதம் ஆகும். அடுத்த கூட்டமும் அதற்குப் பிறகுதான்.

சுகன்யாவிடம் நானே சொன்னேன். வெள்ளிக்கிழமை எழுதிய குறிப்பின் மூன்று வரிகளையும் மாற்றாமல் சொல்லிவிட்டு, அட்டவணையைக் காட்டினேன். அவள் கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப என் கை கெட்ட கை இல்லீங்களா?"

"இல்லாம இருக்கலாம்."

"இருக்கலாமா? இப்பவும் இருக்கலாம்தானா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கண்ணு."

இந்த முறை எது எந்தத் தட்டு என்று செய்கிறவருக்குத் தெரியக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். வைரஸும் மருந்தும் அவரே வந்து கலந்துவிட்டு, தட்டுகளுக்கு நிறச் சீட்டு மட்டும் ஒட்டினார். எந்த நிறம் எது என்பது உறைக்குள். மீடியா மாற்றுவது நான். எந்தத் தட்டை முதலில் எடுப்பது என்பதற்கு, சுகன்யா மாற்றும் நாளெல்லாம் நாலு துண்டுக் காகிதத்தைத் தன் டிபன் மூடியில் போட்டுக் குலுக்கி எடுத்தாள். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வெளியே வரும். கதவு எட்டு தடவை திறந்தது. நான்கையும் வைரஸ் உள்ளதாகவே எண்ணி ஒவ்வொன்றுக்கும் கையுறை மாற்றினேன்.

அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. எது சுத்தம், எது அழுக்கு என்று தெரியாமல் நான் வேலை செய்ததே இல்லை. பச்சைச் சீட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எதுவாக இருக்கும் என்று யோசித்தபடி நின்றிருக்கிறேன். "அக்கா, தட்டு வெளியே நின்னு நாலு நிமிசம் ஆச்சு" என்று சுகன்யா சொல்வாள். இப்போது அவள் கையில் நோட்டு இருந்தது. அவள் எழுத்து கிறுக்கலாக இருந்தாலும் ஒரு நாளையும் விடவில்லை.

இரண்டு முறை செய்தோம். உறைகளைப் பிரித்த அன்று டாக்டர் அறையில் மூன்று பேரும் இருந்தோம். முதல் முறையில் மருந்து கொடுத்த தட்டில் சேதம் கொஞ்சம் குறைவு. முன்பு என் கையில் வந்த வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்குதான். இரண்டாவது முறையில் அதுவும் இல்லை.

"அப்ப மருந்து வேலை செய்யுதுங்களா, இல்லீங்களா சார்?" என்று சுகன்யா கேட்டாள்.

"இதை வெச்சு செய்யுதுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதும்மா."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் தோளைத் தொட்டேன். "உன் கை நல்ல கைதான். இனி யாரும் அதைக் குறை சொல்ல முடியாது" என்றேன்.

"அதுக்கில்லீங்க்கா. எனக்கு மட்டும் வரலைன்னு இத்தனை நாளா அழுதேன். உங்களுக்காவது வருதேன்னு ஒரு தைரியம் இருந்துச்சு. மருந்து ஒண்ணு இருக்குது, எனக்குத்தான் செய்யத் தெரியலைன்னு. இப்ப உங்களுக்கும் வரலீங்களே."

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் இவ்வளவும் செய்ததாக நினைத்திருந்தேன். காட்டியவுடன், அவள் நான்கு வருடம் எதற்காக வேலை செய்தாளோ அது கையைவிட்டுப் போய்விட்டது. மருந்தே இல்லை என்றால் எதை வைத்து நீட்டிப்புக் கேட்பது?

டாக்டர் என்னிடம் சொன்னார், "குழுகிட்ட உங்க பழைய குறிப்பு இருக்குது. இதையும் நீங்களே எழுதிக் குடுத்தாத்தான் சரி."

"என்ன எழுதறதுங்க சார்?"

"தெரிஞ்சதை எழுதுங்க."

"தெரிஞ்சதைவிடத் தெரியாததுதான் ஜாஸ்தியா இருக்குதுங்க."

"அதையும் எழுதுங்க."

அந்தக் குறிப்பை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. நகல் என் டைரியில் இருக்கிறது, அப்படியே தருகிறேன்.

"சுகன்யா சோதனையின் வரிசையைப் பின்பற்றவில்லை என்று முன்பு எழுதினேன். அது நடந்தது. அது குறை என்றும் எழுதினேன். அது குறையா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் வரிசை மாற்றிச் செய்யாமல் இருந்திருந்தால், என் வரிசையில் இருந்த பிழை தெரிந்திருக்காது. அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்றால், இல்லை. அப்படியானால் அதற்கு அவரைப் பாராட்ட வேண்டுமா என்பதும் தெரியவில்லை. என் மூன்று சோதனைகளில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு காத்திருப்பால் வந்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. மருந்து பயன்படுமா என்று தெரியவில்லை. இதற்கு முன் நான் செய்த வேறு சோதனைகளிலும் இதே வரிசைதான். அவற்றில் எது சரி, எது தவறு என்றும் தெரியவில்லை. கடைசி இரண்டு சோதனைகளில் நேரத்தைக் குறித்தவர் சுகன்யா. ஒரு நாளும் விடுபடவில்லை. இதை நானே சரிபார்த்தேன்."

அலுவலகத்தில் இதை வாங்கிய கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இதை இப்படியே வெக்கறதுங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குழு கூடிய அன்று எங்களுக்கு வேலையே ஓடவில்லை. மூன்று மணிக்கு மேல் டாக்டர் வந்தார். ஒரு வருடம் நீட்டிப்பு. ஆனால் தலைப்பை மாற்ற வேண்டும். இந்த மருந்தைப் பற்றி இனி அவள் எழுத வேண்டாம். வளர்க்கிறவர் கையாளும் விதத்தால் உருண்டைகளில் என்ன மாறுகிறது, வைரஸ் உள்ளபோது அது எவ்வளவு கூடுகிறது என்று எழுத வேண்டும். சுகன்யா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வருடத்தில் வேண்டுமென்றே நூற்றுக்கணக்கான உருண்டைகளை வெவ்வேறு நேரம் வெளியே வைத்து அளந்தாள். பட்டம் வாங்கினாள். இப்போது வேறு ஊரில் வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள்.

அந்த மருந்து இன்றும் கடைகளில் அந்தப் பழைய நோய்க்காக விற்கிறது. மூளைக் காய்ச்சலுக்கு அது ஏதாவது செய்யுமா என்று யாரேனும் சோதித்தார்களா என எனக்குத் தெரியாது. சோதித்திருந்தால், எந்தத் தட்டை முதலில் தொட்டார்கள் என்று கேட்க ஆசை.

நீட்டிப்பு ஆணையைக் கொடுத்தபோது, அலுவலகத்தில் அவளுடைய கோப்பின் நகலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையால் பிசைந்த தயிர்ச் சோறு அப்படியே இருக்க, இடது கையால் தாளைப் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, எனக்காகத்தான் இப்படி எழுதுனீங்களா?"

"உனக்காக எழுதியிருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பேன்."

"தெரியவில்லை, தெரியவில்லைன்னு நாலு எடத்துல போட்டிருக்கீங்க. கமிட்டிக்குப் போற காயிதத்துல யாருங்க்கா இப்படி எழுதுவாங்க?"

"நாலு இல்ல, அஞ்சு" என்றேன். "நல்லா எண்ணிப் பாரு."

அவள் சோற்றுக் கையை மடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.